வரவேற்பறைக்கு ஒரு வெள்ளைப் பாம்பு

"இதுகூட தினமும் எட்டு மணி நேரம் உட்காரப்போறது நான், நீங்க இல்ல," என்றாள் சிஹாயா.

ஒசாகாவில் ஒரு கம்பெனியின் வரவேற்பாளர் அவள். வரவேற்பறையில் வெள்ளைப் பாம்பு இருந்தால் அதிர்ஷ்டம் என்று முதலாளி சொல்லிவிட, மேனேஜர் தொகுமாருவோடு பாம்பு விற்கும் கடைக்கு வந்திருந்தாள். அங்கிருந்த ஒரே வெள்ளைப் பாம்பு, அவள் விரலை அசைத்தாலே கண்ணாடியில் சீறிப் பாய்ந்தது.

பக்கத்துப் பெட்டியில் பழுப்பு நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. கடைக்காரம்மா அதைத் தூக்கி அவள் கையில் விட்டாள். மணிக்கட்டை வளையல் போலச் சுற்றிக்கொண்டு அது அசையாமல் கிடந்தது. சிஹாயாவின் பயம் போன இடம் தெரியவில்லை.

"முதலாளி கேட்டது வெள்ளைம்மா. என் தலை உருளும்," என்றார் தொகுமாரு.

"அவரு பர்ஸுல என்ன வெச்சிருக்காரு?" என்று கேட்டாள் சிஹாயா.

"பாம்புச் சட்டைதான். காசு சேரும்னு நாம எல்லாரும் வெக்கிறதுதானே? அவரோடது பொடிப்பொடியாப் போச்சுன்னு ஒரே புலம்பல்."

கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே, பழுப்புப் பாம்பு முந்தாநாள் உரித்த சட்டையை நீட்டினாள். கிழிசல் இல்லாமல், வெள்ளை வெளேரென்று இருந்தது.

திங்கட்கிழமை முதலாளி அதைப் பர்ஸில் பத்திரப்படுத்திவிட்டு, வரவேற்பறைக்கு வந்துவிட்ட பழுப்புப் பாம்பின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "அடுத்த சட்டை எப்போ?"

"ரெண்டு மாசம் ஆகும் சார்," என்றாள் சிஹாயா. "மெதுவாப் பேசுங்க, தூங்குது."