பெட்ரோல் தங்காத வீடு

எங்கள் வீட்டில் பெட்ரோல் தங்காது. அப்பா பைக்கில் போட்டு வைப்பார், மறுநாள் அண்ணன் டியூப் விட்டு உறிஞ்சி எடுத்திருப்பான். அண்ணன் கேனில் வாங்கி வைப்பான், அண்ணி அதை ஸ்கூட்டரில் ஊற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார். யாரும் யாரையும் கேட்பதில்லை. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு போனில் திட்டிக்கொள்வதோடு சரி. அதனால்தான் கோழிக்குஞ்சு பொரிக்கும் என் இன்குபேட்டருக்கு ஜெனரேட்டர் வாங்கும் பேச்சு வந்தபோது, பெட்ரோலில் ஓடுவது வேண்டவே வேண்டாம், புரொப்பேன் கேஸில் ஓடுவதைத்தான் வாங்கப்போகிறேன் என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவன் டூவீலர் மெக்கானிக். தெருவில் அவனுக்குப் பெயர் பிளக்கு. எந்த வண்டி என்ன நோவோடு வந்தாலும் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊதிப் பார்ப்பான், அதனால் வந்த பெயர். இன்ஜின் என்று ஒன்று இந்த வீட்டுக்குள் நுழைந்தால் அது அவன் சொன்னதாக இருக்கவேண்டும். முட்டை அடுக்கிக் குஞ்சு பொரிக்கிறவள் அதைப் பற்றி வாய் திறந்ததே அவனுக்குப் பொறுக்கவில்லை.

நானும் விடவில்லை. பெட்ரோல் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கார்புரேட்டரில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், சிலிண்டரில் கேஸ் அப்படியே இருக்கும் என்றேன். புகை நாற்றம் குறைவு என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, சிலிண்டரில் டியூப் விட்டு உறிஞ்சி ஸ்கூட்டரில் ஊற்ற எந்தக் கொம்பனாலும் முடியாது என்றேன். இதைச் சொல்லும்போது அண்ணியைப் பார்த்துத் தொலைத்தேன்.

"திருடிங்கிறா உங்க தங்கச்சி. நல்லா கேட்டுக்குங்க" என்றார் அண்ணி.

கேஸ் வெடிக்கும், குளிரில் ஓடாது, ரிப்பேர் என்று வந்தால் தொடமாட்டேன் என்று அண்ணன் அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் விஷயத்துக்கு வந்தான். என் இன்குபேட்டர் இருக்கும் கொல்லைப்பக்கத்து ஷெட்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். அங்கே ஒர்க்ஷாப் போடவேண்டும்.

"ஒரே ஒரு பேட்ச் குஞ்சு, கரண்ட் இல்லாம செத்துச்சுன்னு வையி, ஷெட்ட காலி பண்ணிடணும். கோழி டாக்டரம்மா கடைய மூடிட்டு வீட்டோட கெடக்க வேண்டியதுதான்."

சரி என்றேன். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஜெனரேட்டர் வந்தது. ஷெட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்டு வைத்தேன். ஒரு சிலிண்டர் மாட்டியது, இன்னொன்று பக்கத்தில் அவசரத்துக்கு. நிறைந்த சிலிண்டர் வாயில் பிளாஸ்டிக் மூடியோடு வரும், மாட்டும்போது கழற்றிவிடுவேன். மூடி இருந்தால் நிறைந்தது, மூடி இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருப்பது. இதுதான் என் கணக்கு. வாராவாரம் டெஸ்ட் என்று சொல்லி ஓட்டிப் பார்ப்பேன். அந்தச் சத்தம் அண்ணன் காதில் விழவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடவிடுவேன்.

குஞ்சு வெளியே வரும் நாளில் காலையிலிருந்தே அடைமழை. உள்ளேயிருந்து கொத்திக் கொத்தி ஓடுகளில் விரிசல் விழுந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கயிற்றை இழுத்தேன், ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. குடை பிடித்துக்கொண்டு வந்து நின்ற அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போனான்.

மதியத்துக்குள் சத்தம் விக்கி விக்கி நின்றது. என் டெஸ்ட்டெல்லாம் சேர்ந்து அந்த சிலிண்டரைக் குடித்துத் தீர்த்திருந்தன. பரவாயில்லை என்று இரண்டாவதைத் தூக்கினேன். காலிக் குடம் மாதிரி லேசாக வந்தது. வாயில் மூடி அழகாக மாட்டியிருந்தது. உள்ளே காற்றுகூட இல்லை.

எந்தப் பாத்திரத்தையும் மூடாமல் வைக்கத் தெரியாத ஒரே ஆள் இந்த வீட்டில் அண்ணிதான். சமையலறைக்கு ஓடினேன். அண்ணனின் மதியச் சாப்பாடு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, போன வாரம் அடுப்புல தீந்து போச்சு. வெளிய ஒண்ணு சும்மாத்தான இருந்துச்சு, மாத்திக்கிட்டேன்" என்றார் அண்ணி, கரண்டியைக் கீழே வைக்காமல். "மூடி போட்டுத்தான வச்சேன்?"

பைக் கேஸைக் குடிக்காது, ஸ்கூட்டர் குடிக்காது என்று மண்டையை உடைத்து யோசித்த எனக்கு, வீட்டில் அதே சிலிண்டரில் எரிகிற ஒரு அடுப்பு இருப்பது மட்டும் தோன்றவே இல்லை. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. குனிந்து ரெகுலேட்டரை மூடிக் கழற்றினேன். அடுப்பு அணைந்தது. சிலிண்டரை வெளியே இழுத்தபோது அண்ணன் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வையி கீழ."

"குஞ்செல்லாம் செத்துடும்."

"சாகட்டும். அதுக்குத்தானே பேசி வச்சிருக்கோம்."

அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றான். இரண்டு தடவை நகரச் சொன்னேன். பிறகு சிலிண்டரைச் சாய்த்து விளிம்பில் உருட்டினேன். அது அவன் கால் விரல்மேல் ஏறி இறங்கியது. வேண்டுமென்றே செய்தாயா என்று அம்மா பிறகு கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவன் ஒற்றைக் காலில் நின்று என் பிறப்பு வளர்ப்பையெல்லாம் இழுக்க, நான் மழையில் நனைந்துகொண்டே சிலிண்டரை மாட்டினேன். முதல் இழுப்பில் வரவில்லை. கயிறு கையை அறுத்தது. அடுத்த இழுப்பில் பிடித்துக்கொண்டது. இன்குபேட்டர் கதவைத் திறக்கக்கூடாது, ஈரம் போனால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் காதை வைத்தபடி உட்கார்ந்தேன். வெகுநேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். பிறகு ஒரு கீச்சு. அப்புறம் நிற்கவே இல்லை.

சாயங்காலம் கரண்ட் வந்தபோது தட்டு முழுக்க நனைந்த பஞ்சு மாதிரி குஞ்சுகள். சில ஓடுகள் திறக்காமலேயே கிடந்தன. அண்ணன் நொண்டிக்கொண்டு வந்து அதைத்தான் முதலில் எண்ணினான். கேஸ் ஜெனரேட்டர் பாதியில் நின்றதா இல்லையா, அப்படியானால் ஷெட் எனக்குத்தான் என்று கூடத்தில் உட்கார்ந்து கத்தினான். பேட்ச் செத்தால்தான் என்று பேச்சு, எல்லா பேட்ச்சிலும் சிலது திறக்காது என்று நானும் கத்தினேன்.

அப்பா டிவியை நிறுத்தினார். "செத்தா காலின்னு நீதானடா சொன்ன? சாகலையே. ஷெட்டு அவளுக்குத்தான்."

அண்ணி அதுவரை காத்திருந்த மாதிரி எழுந்தார். "அப்ப தனியாவே பொங்கித் திங்கட்டும். என் அடுப்புப் பக்கம் இனிமே அவ வரக்கூடாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அம்மாகூட.

மறுநாள் கேஸ்காரரிடம் நிறைந்த சிலிண்டர்களாக வாங்கி, ஜெனரேட்டர் காலோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். தன் அடுப்பு சிலிண்டரைப் பூட்ட, நான் வாங்கிய கடையிலேயே அதே மாதிரிச் சங்கிலியை அண்ணியும் வாங்கி வந்திருந்தார். மதியம் சமையலறையில் தட்டுச் சத்தம் கேட்டது. சாப்பிட வா என்று யாரும் கூப்பிடவில்லை. நான் ஷெட்டில் கடை பன்னைக் கடித்துக்கொண்டே அடுத்த பேட்ச் முட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.