ஆண்டாயி ஏழையான கதை

திருமானூரில் ஆண்டாயியின் கரும்புக் கொல்லையைச் சுற்றி வர ஒரு காலைப்பொழுது ஆகும். நெல் வயல் தனி. மூன்று போர்க் கிணறு, டிராக்டர், மாட்டுக் கொட்டகை எல்லாம் உண்டு. அப்படிப்பட்டவரைத்தான், ஊருக்குத் திரும்பி வரக் காரணமே இல்லாதவர் என்று சொல்லி, சென்னையில் அமெரிக்க விசா கேட்ட சன்னலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டா, சிட்டா, பேங்க் புத்தகம் என்று பை நிறையக் கொண்டுபோயிருந்தார். பையைத் திறக்கச் சொல்லவே இல்லை. அதிகாரிக்குத் தமிழும் தெரியும். பிறகு எங்கே கோளாறு?

பெரம்பலூரில் இருந்த அண்ணன் மகன் முருகையனுக்கு அது விளங்கவில்லை. ஒரே ஒரு முறை சிங்கப்பூர் போய் வந்தவர் அவர். அன்று முதல் உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் தம் யோசனைப்படியே நடப்பதாக நினைப்பு. மறுபடியும் நேர்காணலுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். நியூஜெர்சியில் மகள் கவியாவுக்கு ஐப்பசியில் தலைப்பிரசவம். மருமகன் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் செய்வார். வெந்நீர் மட்டும் வைக்க வராது. இந்த முறையும் விசா கிடைக்காவிட்டால் அவள் பாடு திண்டாட்டம்.

அந்தச் சன்னல் வேலை செய்யும் முறை எளிது. வருகிறவர் அமெரிக்காவிலேயே தங்கிவிடுவார் என்று எடுத்துக்கொண்டுதான் அதிகாரி பேச்சையே தொடங்குவார். ஊரில் என்னை இழுத்துப் பிடிக்க இன்னது இருக்கிறது என்று காட்டுவது நம் பொறுப்பு. அதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்.

முருகையன் தம் வீட்டுச் சன்னலுக்கு உள்ளே, மின்விசிறிக்குக் கீழே நின்று அதிகாரியானார். அத்தை வெளியே வெயிலில் நின்றார்.

"நிலம் எவ்வளவு இருக்கு?"

"ஏதோ கெடக்குது."

"வருமானம்?"

"கஞ்சிக்குப் பஞ்சமில்ல."

"அத்தை! டிராக்டர் இருக்குன்னு சொல்லுங்க!"

"ஒரு ஓட்ட வண்டி நிக்குது. அதப் போயி அவன்கிட்ட பீத்திக்கவா? கண்ணு பட்டா நீ வந்து டயர் மாத்துவியா?"

முருகையன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் மனைவி சிவரஞ்சனி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "இந்த மாடி வூட்ட கட்டுனப்ப ஊர்க்காரங்க கேட்டாங்களே, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு கொட்டா போட்டிருக்கேன்னு சொன்னேன். அது அடக்கம்."

"அத்தை பண்றது மட்டும் என்னவாம்?"

கோளாறு பிடிபட்டது. நம் பக்கத்தில் சொத்தைக் கேட்டால் குறைத்துச் சொல்வதுதான் மரியாதை, கண்ணேறுக்கும் காப்பு. 'ஏதோ கெடக்குது' என்றால் கேட்பவர் தாமே பத்தால் பெருக்கிக்கொள்வார். அமெரிக்க அதிகாரிக்கு அந்த வாய்ப்பாடு தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வார்.

தெரிந்து என்ன பயன்? அத்தைக்கு வாய் வர வேண்டுமே. முருகையன் இன்னொரு முறை அதிகாரியாக முயன்றபோது போன் அடித்தது. கொல்லையைப் பார்த்துக்கொள்ளும் அமாவாசை. அத்தை ரிசீவரை வாங்கினார்.

"ஏன்டா அமாவாச, மூணு போரும் ஓடுதா? கெழக்கால மோட்டார் நேத்தே மொனகுச்சே! டிராக்டருக்கு டீசல் ஊத்துனியா, இல்ல குடிச்சியா? தையில ஆலக்காரன் கரும்பு வெட்ட ஆர்டர் குடுப்பான். நான் முன்ன நிக்கலன்னா அம்புட்டும் காஞ்சு வெறகாப் போயிடும். ஒருத்தன நம்பி வுட்டுட்டு ஒரு எடம் போவ முடியுதா?"

முருகையன் சன்னலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டார்.

"அத்தை, இதையே அங்க சொல்லுவீங்களா?"

"இதுக்கென்ன, கொறதானே? கொறய எங்க வேணா சொல்லலாம். யாரு கண்ணு வக்கப்போறா?"

சென்னையில் அதிகாரி, ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆண்டாயி பெருமூச்சு விட்டு, கிழக்கு மோட்டாரிலிருந்து தொடங்கினார். தை மாத வெட்டுக்குத் தாம் எப்படியும் திரும்பியே ஆக வேண்டும் என்ற இடத்தில் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தி, பாஸ்போர்ட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் விசா உண்டு என்று பொருள்.

இப்போது சுற்று வட்டாரத்துப் பூலாம்பாடியிலிருந்து யார் வந்து விசாவுக்கு வழி கேட்டாலும், ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல, முருகையன் சொல்லும் வழி இதுதான்: சொத்து என்ன என்று கேட்டால், அந்தச் சொத்தால் வரும் தொல்லையைச் சொல்லுங்கள்.