எல்லைக்கு ஒரு சைகை

பகுப்பாய்வு என்ற கணிதப் பாடம் எடுக்கும் பேராசிரியர் வாயைத் திறந்தால் மணி அடித்தால்தான் மூடுவார். அத்தனை பேச்சையும் கையால் அள்ளித் தங்கைக்குக் கொடுப்பது அக்காவின் வேலை. தங்கைக்குக் காது கேட்காது. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அக்கா அதே கல்லூரியில் சைகை மொழிபெயர்ப்பாளர்.

"எல்லை" என்ற சொல் வந்த அன்று அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. கணிதத்தில் 'லிமிட்' என்று சொல்லும் எல்லைக்கு அவளுக்குத் தெரிந்த சைகை எதுவும் இல்லை. நின்ற நிற்பிலேயே ஒன்றை உண்டாக்கினாள். இடது உள்ளங்கை சுவர். வலது விரல்கள் அதை நோக்கி ஊர்ந்து, தொடாமல் மயிரிழையில் நிற்கும். 1, ½, ⅓, ¼ என்று எண்கள் பூஜ்யத்தை நெருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வில் ஒரு கேள்வி: 3, 3, 3 என்றே போகும் வரிசைக்கு எல்லை உண்டா?

"இல்லை. அது எங்கும் நகரவில்லை" என்று எழுதியிருந்தாள் தங்கை. சரியான விடை: உண்டு, அது 3. மதிப்பெண் முட்டை.

பேராசிரியர் இருவரையும் அழைத்தார். "கையால சொல்லிப் புரியவைக்கிற பாடம் இல்லம்மா இது. வெள்ளிக்கிழமை இவ எல்லையைப் பத்தி வகுப்புல விளக்கட்டும். சரியா வந்தா அடுத்த வருஷமும் பகுப்பாய்வு. இல்லேன்னா வேற பாடத்துக்கு மாறிக்கட்டும்."

வீட்டில் தங்கை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று மேசையைத் தட்டினாள். கைகள் பறந்தன.

"அக்கா, குத்தவாளி நீதான்! உன் சைகை கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாத கதை. தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. "நான்தான் உன் மார்க்கைத் தின்னேனா?"

"அழாதே. கோஷி மாதிரி பெரிய கணித மேதையே 'நெருங்குது'ன்னுதான் ஆரம்பிச்சார். அப்புறம் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்த வயர்ஸ்ட்ராஸ் அந்த ஊர்ந்து போறதையே தூக்கிப் போட்டார். இது நடை இல்லக்கா, சவால். எல்லைன்னு நினைக்கிற எண்ணைச் சுத்தி நீ ஒரு இடைவெளி கொடு, எவ்வளவு சின்னதா வேணும்னாலும். 'இந்த இடத்துலேர்ந்து எல்லா எண்ணும் அதுக்குள்ளதான்'னு நான் ஓர் இடத்தைக் காட்டணும். நீ எதைக் கொடுத்தாலும் என்னால காட்ட முடிஞ்சா, அதான் எல்லை."

"அப்போ 3, 3, 3?"

"முதல் எண்ணுலேர்ந்தே எல்லாம் உள்ளே. உக்காந்த இடத்துலயே ஜெயிச்சுட்டேன்!"

வெள்ளிக்கிழமை தங்கை கரும்பலகைக்கு முன் நின்றாள். குரல் கொடுக்க அக்கா பக்கத்தில் நின்றாள். தங்கையின் இடது கையில் இரு விரல்கள் சிறு இடைவெளியாகத் திறந்தன. வலது கை ஓர் இடத்தைக் குத்திக் காட்டி, அங்கிருந்து அந்த இடைவெளி வழியே நேராக ஓடியது. இடைவெளி இன்னும் குறுகியது. வலது கை சற்றுத் தள்ளிக் குத்தியது, மறுபடியும் ஓடியது. அக்கா ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேராசிரியர் குறுக்கிட்டார். "1, –1, 1, –1... இதுக்கு எல்லை 1னு நான் சொல்றேன். என்ன சொல்றா?"

அக்கா அதைச் சைகையில் கேட்டாள். தங்கை சிரித்தாள். 1 என்று காட்டி, அதைச் சுற்றிக் குறுகலாக விரலைத் திறந்தாள். வலது கை கிளம்பியது. இரண்டாவது அடியிலேயே வெளியே விழுந்தது. தள்ளிப்போய்க் கிளம்பியது, அங்கும் விழுந்தது. எங்கே கிளம்பினாலும் விழுந்தது. இரண்டு கையையும் விரித்தாள்.

வகுப்பு கைதட்டியது. முன்வரிசையில் யாரோ இரு விரலைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டே அடுத்த ஆண்டுப் பெயர்ப் பட்டியலை எடுத்து, பகுப்பாய்வுக்கு நேரே தங்கையின் பெயரை எழுதினார். அப்புறம்தான் நினைவு வந்தவர்போல் அக்காவைப் பார்த்தார்.

"ஆமா, கடைசியா என்ன சொன்னா?"

அக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். "அதுக்கு நான் இன்னும் வாயே திறக்கலையே சார். அவ கையே உங்களுக்குச் சொல்லிடுச்சு."