ஆஸ்பத்திரியில் மட்டும்

"சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது, அவ்ளோதான்..."

"பெத்தவளுக்குச் சொல்லாம ஊரெல்லாம் சொல்லிக்கினு..."

"கத்தாத அக்கா. உள்ள ஆளுங்க கீறாங்க."

"கத்தாம? மண்ணு தள்ளிட்டு வந்து, கையக் கழுவிக்கினு, நாலு மணிக்குப் போன எடுத்து 'ரூபா நல்லா கீறா, வெளாடிக்கினு கீறா'ன்னு சொல்லுவியா? வாய் வருமாடா உனக்கு?"

"வரும். வரவெச்சிக்குவேன். இன்னும் எட்டு மாசம், அவளே வந்துருவா. வந்தப்பறம் என்ன வெட்டட்டும், கொளுத்தட்டும். இப்ப சொன்னா அங்க அவளத் தாங்கிப் புடிக்க யார் கீறா? சொல்லு, யார் கீறா?"

"தாங்குறதுக்கு ஆள் இல்லன்னா எழவு இல்லன்னு ஆயிடுமா?"

திருப்பதியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டு வாசலில் நின்றுகொண்டுதான் அக்காவும் தம்பியும் இப்படிப் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. உள்ளே மூலைக் கட்டிலில், சந்திரம்மாவின் பழைய பச்சைப் புடவையைப் போர்த்திக்கொண்டு, ஆறு வயது ரூபா கிடந்தாள். உயிர் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தகவல் தெரிந்து புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த முனிகிருஷ்ணன் மகளின் காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன்தான், திரும்ப உள்ளே போகவில்லை. அவனுக்கு ஆஸ்பத்திரி ஆகாது. அதனால்தான் இரண்டு வருஷமாக அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சித்தூர், திருப்பதி என்று அலைந்ததெல்லாம் சந்திரம்மா.

ரூபாவைப் பெற்ற நளினி குவைத்தில் இருந்தாள். ஒரு வீட்டில் சமையல், துணி, இரண்டு பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது. வெள்ளிக்கிழமை மட்டும் அரைநாள் வெளியே விடுவார்கள். நம்ம ஊர் நாலு மணிக்கு, ஜெயச்சந்திரனின் எஸ்டிடி பூத்துக்கு அவளுடைய போன் வரும். ரூபா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் தலையை ஆட்டுவாள். "அடியே, தல ஆட்டுனா குவைத்துக்குத் தெரியுமா? வாயத் தொறடி" என்பாள் சந்திரம்மா. பூத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம" என்றாள் சந்திரம்மா.

"தெரியும்."

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "ரூபா தாலூக்கா எவரு? டாக்டரம்மா பிலுஸ்துன்னாரு."

ரூபாவின் ஆட்களை டாக்டர் கூப்பிடுகிறாராம். முனிகிருஷ்ணன் அசையவில்லை. சந்திரம்மாதான் போனாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த டாக்டர் சின்னப் பெண். இரவெல்லாம் விழித்திருந்த கண். பேப்பரை நிரப்பிக்கொண்டே தெலுங்கில் கேட்டாள்.

"தல்லி பேரு?"

தாய் பேர். இத்தனை நாள் இந்தக் கேள்விக்கு சந்திரம்மா யோசித்ததே கிடையாது.

முதல் தடவை தன் பேரைக் கொடுத்தது சித்தூரில். ரூபாவுக்குக் காய்ச்சல் வரும், சோறு இறங்காது, மறுநாள் வாந்தி, அதற்கு மறுநாள் எழுப்பினாலும் எழாத ஒரு தூக்கம். க்ளுகோஸ் ஏற்றினால் இரண்டு நாளில் எழுந்து ஓடும். ஒரு மாசம் நன்றாக இருக்கும். மறுபடி வரும். சித்தூர் டாக்டரிடம் கூட்டிப் போனபோது, சீட்டு எழுதுகிறவன், "பெத்தவங்க யாரும் வரலியா? அப்ப ஓரமா உக்காரு" என்றான். மடியில் குழந்தை துவண்டு கிடக்கிறது. "நான்தாங்க பெத்தவ" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். சீட்டில் தாய் என்ற இடத்தில் சந்திரம்மா என்று ஏறிவிட்டது.

பிள்ளை இல்லை என்று சத்தியவேட்டிலிருந்து புருஷன் வீட்டார் அவளைக் கொண்டுவந்து விட்டுப் பத்து வருஷம் இருக்கும்.

அடுத்த தடவை போகும்போது பஸ்ஸிலேயே ரூபாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"உள்ள போனா அத்தன்னு கூப்புடாத. அம்மான்னு கூப்புடு."

"ஏன்?"

"அப்பதான் ஊசி மெதுவா போடுவாங்க."

ரூபாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் "அம்மா, தண்ணி. அம்மா, ஒண்ணுக்கு" என்று ஆரம்பிப்பாள். திரும்பி கேட்டைத் தாண்டினதும் கையை இழுப்பாள். "இப்ப அத்தயா?" "இப்ப அத்த." "நீ ஆஸ்பத்திரியில மட்டும் அம்மா." சித்தூர் டாக்டர் கைவிரித்து, திருப்பதிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்த அன்று, பஸ் சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டும்போது, "அத்த, அதுவும் ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள். "ஏன்டி?" "இல்ல, அம்மான்னு கூப்புடணுமான்னு கேட்டேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் தான் நல்ல புடவையாக எடுத்துக் கட்டுவதை சந்திரம்மா ஒரு நாள் தானே கவனித்தாள். அதற்காக வெட்கப்பட்டாள். ஆனாலும் கட்டினாள்.

"தல்லி பேரு, அம்மா?" டாக்டர் மறுபடி கேட்டாள்.

"நளினி."

பேனா நின்றது. டாக்டர் ஃபைலைப் பார்த்தாள். "இங்க சந்திரம்மான்னு இருக்கு. நுவ்வே கதா, நீதானே?"

"நான் மேனத்த, அப்பனோட அக்கா. பெத்தவ குவைத்துல கீது."

டாக்டர் அவளையே பார்த்தாள். பிறகு ஃபைலைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். ஆடி மாசம் முதல்முதலாக இங்கே சேர்த்தபோது பெரிய டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதின பக்கம். சந்திரம்மாவுக்கு அந்தப் பக்கம் நினைவிருந்தது. எத்தனை பிள்ளை? இவ ஒருத்திதான் சார். இதுக்கு முன்னாடி ஏதாவது போயிருக்கா? இல்ல சார். சொந்தத்துல கல்யாணமா? இல்ல சார். மூன்றுக்கும் அவள் தன் கதையைத்தான் சொன்னாள். மடியில் குழந்தை படுத்திருக்கும்போது செத்த பிள்ளையின் பேச்சை எடுப்பார்களா யாராவது?

"அந்த நளினிக்கு முன்னாடி கொழந்த..." டாக்டர் தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"ஒரு பையன். பத்து மாசத்துல போயிட்டான்."

"எப்படி?"

"இப்டியேதான். வாந்தி. அப்பறம் தூக்கம்."

"பார்யா, பர்த்த... புருஷன் பொண்டாட்டி, சொந்தமா?"

"அவனுக்கு மாமன் பொண்ணு."

டாக்டர் பேனாவை மூடினாள். வெளியே தள்ளுவண்டி ஒன்று கிறீச்சென்று போயிற்று.

"ஏம்மா, இது வம்சத்துல வர்ற நோவா இருக்கும். மொதல்லயே சொல்லியிருந்தா மெட்ராஸுக்கு எழுதிக் குடுத்திருப்பாங்களே. இப்படிப் பிள்ளைகள பட்டினியே போடக்கூடாதுன்னு சொல்லி..." நிறுத்திக்கொண்டாள். "போயிருந்தாலும்..." என்று ஆரம்பித்து அதையும் நிறுத்திக்கொண்டாள். பேப்பரை அவள் பக்கம் திருப்பி, கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினாள்.

காய்ச்சல் வந்தால் வயிற்றைக் காயப்போடுவதுதான் அவர்கள் வழக்கம். புதன்கிழமை ரூபா இட்லி கேட்டாள். "நாளைக்குத் துன்னுவே, காச்ச வுடட்டும்" என்று சந்திரம்மாதான் சொன்னாள்.

வாடகைக் கார் ஓட்டும் பாலையாவின் அம்பாசிடரில் குழந்தையைப் பின் சீட்டில் மடியில் போட்டுக்கொண்டாள். ரேணிகுண்டா தாண்டுகிறவரை முனிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"இன்னா அக்கா, ஒண்ணும் பேசமாட்டேங்கிற?"

"நீ சொன்னதே சரி. அவகிட்ட சொல்ல வேணாம்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் போனதும் முன் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு அப்போதுதான் அழுதான். பாலையா ஹாரன் அடிக்காமலே புத்தூர் பஜாரைக் கடந்தான்.

செத்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. பன்னிரண்டு மணிக்குள் எடுத்துவிட்டார்கள். மேளம் இல்லை. முனிகிருஷ்ணனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். பின்னால் ஏழெட்டு ஆம்பளைகள். முன்னே போன பெரியவனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பொம்பளைகள் போகக்கூடாது. சந்திரம்மா தெருமுனை மட்டும் போய் நின்றாள். பிறகு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்லியம்மா எவர்சில்வர் டம்ளரில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"குடி."

"வேணாம்."

"நீ மொதல்ல வாய் வெக்கணும். பெத்தவ வாய் வெச்சாதான் மத்தவங்க தண்ணி குடிப்பாங்க. தெரியாதா உனக்கு?"

"நான் பெத்தவளா?"

"பின்ன யாரு? எத்தினி ஆஸ்பத்திரி, எத்தினி ஊசி. அதோ காணிப்பாக்கம் புள்ளையாருக்கு வெறுங்கால்ல நடந்துட்டு வந்தியே, அவளா நடந்தா? குடிடி."

உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், இவள் முதல் மடக்கு குடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். சந்திரம்மா டம்ளரை வாங்கினாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள்.

ராத்திரி ஆஸ்பத்திரியில் மூன்று மணியிலிருந்து விடிகிறவரை ரூபா "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். "கீறேன்டி, இங்கதான் கீறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சந்திரம்மா பதில் சொன்னாள். குழந்தை ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மணி இன்னா?"

"மூணரை இருக்கும். எங்க போற?"

"பூத்துக்கு."

"ஐயோ, கஞ்சி?"

"நீங்க குடிங்க. எனக்காகக் காத்துக்கினு கெடக்காதீங்க. நான் அத்த."

முனிகிருஷ்ணன் அவளுக்கு முன்பே பூத்தில் உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரை மண் இன்னும் காலில் இருந்தது. ஜெயச்சந்திரன் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தானும் வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாலுக்கு நாலு நிமிஷம் இருக்கையிலேயே மணி அடித்தது.

முனிகிருஷ்ணன் எடுத்தான். "ஆங், நளினி. ஆங். கேக்குது, கேக்குது. நல்லா கீறோம். இங்க மழ ஒண்ணும் இல்ல. ரூபாவா..." அவன் வாய் திறந்தபடியே நின்றது.

சந்திரம்மா கையை நீட்டினாள். அவன் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். அவள் நீட்டின கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டான்.

"நளினி."

"அண்ணி! உங்க தம்பிக்கு இன்னா, பேசிக்கினே இருந்து சும்மா ஆயிடுச்சி? எங்க அவ? சீக்கிரம் குடுங்க, போன் கார்டு கொஞ்சம்தான் கீது."

"நளினி, ரூபா போயிட்டாடி."

அந்தப் பக்கம் அதேபோல் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்த வேறு பொம்பளைகளின் சத்தம் கேட்டது. ஒருத்தி தெலுங்கில், பசுமாடு கன்று போட்டதா என்று உரக்கக் கேட்டாள்.

"எப்ப?"

"காலைல. அஞ்சரைக்கு."

"வாந்தியா?"

"ஆமா."

"பெரியவன் மாதிரியே."

"ஆமா."

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க."

கார்டு தீர்ந்துவிடப்போகிறதே என்று சந்திரம்மாவுக்குப் பதைப்பாக இருந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நளினி, இங்க பாரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரியில டாக்டருங்க கேக்கறச்ச, நான் என்னப் போயி..."

"அண்ணி," என்றாள் நளினி, "கடைசியில என்னக் கூப்புட்டாளா?"