எழுந்திருக்கும் முன் ஒரு சிரிப்பு

செத்துக் கிடந்தவள் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள், உதட்டுச்சாயம் கொஞ்சமும் கலையவில்லை, மூக்கில் வைத்த பஞ்சு மட்டும் சிரிப்பில் லேசாக அசைகிறது, எங்கள் தொழிலில் இது ஒரு சாங்கியம், பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரித்துவிட வேண்டும், இது வெறும் நடிப்புதான் என்று எமனுக்குத் தெரியப்படுத்துகிற ஏற்பாடு, அதற்குப் பிறகுதான் கட் சொல்வார்கள், திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பார்கள், பிணம் எழுந்து டீ குடிக்கப் போகும், பதினாறு வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவன் நான், எத்தனையோ பிணங்கள் சிரித்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன், எழுந்து போகாதது ஒன்றே ஒன்று, அது என் மனைவி திலகா, அவளைச் சிரிக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை, நான் இருந்தேன், ஆனால் நான் பார்க்கவில்லை.

அந்தக் கொள்ளைநோய் வருஷத்தில் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நிற்கிறேன், காலை பத்து மணி வெயில், நீல உடுப்புப் போட்ட பிணவறை ஊழியருக்கு முகம் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள் மட்டும், மூஞ்சி வரைக்கும் ஜிப்பத் தெறக்கறேன், ஒரு நிமிஷம் பாத்துட்டு அவங்கதானான்னு சொல்லு சார் என்கிறார், விதிப்படி அவர் அதைக்கூடச் செய்யத் தேவையில்லை, மனசு கேட்காமல்தான் சொல்கிறார், நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன், பிணப்பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெயர் இருந்தது, வயது நாற்பத்து மூன்று என்று இருந்தது, அது போதும் என்று கையெழுத்துப் போட்டேன், பதினோரு நாள் பார்க்காத முகம், வாயில் குழாய் கிடந்த முகம், பார்த்துவிட்டால் பிறகு அந்த முகம் மட்டும்தான் எனக்கு மிஞ்சும் என்று பயந்தேன். வண்டி போய்விட்டது.

திலகாவின் அம்மா எங்களோடுதான் இருந்தார், கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், மகள் போன பிறகு எனக்கு அவரும் அவருக்கு நானும்தான், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்டது ஒரே கேள்வி, மொகத்தப் பாத்தீயளா மாப்ள, நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டே, காட்டமாட்டேன் என்றுவிட்டார்கள் அத்தை என்றேன், எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வசனம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அத்தை அழவில்லை. மொகத்தப் பாக்காம அவதாம்னு எப்பிடிச் சொல்ல, அங்க எத்தன பேரு கெடந்தாவளோ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார், மூன்று வருஷம் அப்படியே போனது, படத்துக்கு மாலை போட விடவில்லை, திவசம் என்று வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார், வாசலில் கிடந்த திலகாவின் செருப்பை எடுக்க விடவில்லை, வெயில் ஏறும்போது அதை நிழலுக்கு நகர்த்தி வைப்பார், சாயங்காலம் பழைய இடத்தில் வைப்பார், நான் அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போய்வந்தேன், உள்ளே ஒருத்தியை அணு அணுவாகக் கொல்கிறோம் என்று தெரிந்தும் போய்வந்தேன்.

படப்பிடிப்பில் எனக்கு எதார்த்தம் சார் என்று பட்டப்பெயர், எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பேன், தூங்கி எழுந்தவள் காதில் ஜிமிக்கி எப்படி, மாரடைப்பு வந்தவன் எப்படி ஒரு பக்க வசனம் பேசுகிறான், எல்லோரும் சிரிப்பார்கள், போன ஆவணியில் கதையில் ஒரு பெண்ணைச் சாகடிக்க வேண்டிவந்தது, அவளாக நடித்த அஸ்வதிக்கு வேறு தொடரில் வாய்ப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம், டைரக்டர் இமானுவேல் சாவை எழுதிக் கொடுங்கள் என்றார், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே மூச்சில் எழுதினேன், பின்வாசல், நீல உடுப்பு, சீட்டு, ஜிப், எல்லாம் நடந்தது நடந்தபடி, ஓரிடத்தில் மட்டும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை, கதையில் வரும் புருஷன் திறங்க என்கிறான், பார்க்கிறான், அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிடுகிறான், கண்ணம்மா, நான் வந்துட்டேன் என்கிறான், வேறு வசனம் இல்லை. மறுநாள் வளசரவாக்கத்துப் படப்பிடிப்பு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பிணப்பைக்குப் பதிலாக, கோட்டு சூட்டு மாட்டுகிற இரண்டு ஜிப் உறையைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், அது பாதியில் சிக்கிச் சிக்கி நின்றது, உள்ளே அஸ்வதி தலை நிறைய மல்லிகையும் ரத்தச் சிவப்பு உதடுமாகப் படுத்திருந்தாள், பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தவளுக்கு யார் சார் லிப்ஸ்டிக் போட்டுவிட்டது, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன், இமானுவேல் நல்ல மனுஷன், என் தோளில் கை வைத்து, சனங்க உதட்டப் பாக்க மாட்டாங்க சார், அவன் முடிய ஒதுக்கிவிடுற கையத்தான் பாப்பாங்க, நீங்க எழுதினது அது ஒண்ணுதான் என்றார், நான் கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன், பார்க்கத் துணியாத ஒரு முகம் எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்தவனுக்குப் பாடம் நடத்தினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அது மறுநாளே சாயங்காலம் ஏழு மணிக்கு ஒளிபரப்பாக வேண்டிய பகுதி, எடிட்டர் பரணி இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாதவன், அவசரத்தில் வெட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டான், புருஷன் முடியை ஒதுக்குகிறான், நான் வந்துட்டேன் என்கிறான், பிணம் கண்ணைத் திறந்து சிரிக்கிறது, அந்தச் சாங்கியச் சிரிப்பு, ஊர் பார்க்க, முழுசாக இரண்டு வினாடி. என் போன் துள்ள ஆரம்பித்தது, இமானுவேல், பரணி, பிறகு அந்தச் சிரிப்பைக் கேலிப் படமாக்கி யார் யாரோ, பிணம் சிரிச்சா ஊர் சிரிக்கும் என்று ஒருவன், எனக்கு மானம் போனது, டிவியை நிறுத்த எழுந்தேன், பக்கத்தில் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கை இரண்டையும் நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தார், சிரிச்சாள்லா என்றார். பாத்திருக்கீய மாப்ள, பாக்காத ஆளு இத எழுத முடியாது, எனக்குத் தாங்காதுன்னு இத்தன நாளா மறைச்சிட்டீய என்றார், பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, மாப்பிள்ளையை அப்படிப் பார்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை, அன்னைக்கும் இப்பிடித்தான் இருந்தாளா என்று கேட்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது, அது சாங்கியம் அத்தை, அது பரணியின் தூக்கக் கலக்கம், அது சாயம், அது கோட்டு உறை, நான் பயந்தாங்கொள்ளி, எல்லாம் உண்மை, ஒன்றுகூட அந்த அம்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணீருக்கு ஆகாது. ஆமா அத்தை, சிரிச்ச முகமாத்தான் இருந்தா என்றேன், அத்தை வாயைத் திறந்தார், சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது, வந்தபோது அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன, மூன்று வருஷத்து அழுகை, என் மவளே என் மவளே என்று தரையில் அறைந்து அறைந்து அழுதார், பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு அழுகையை என்னால் எழுத முடிந்ததில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு வந்து செருப்பைத் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார், படத்துக்குப் பூ வாங்கியாங்க என்றார், மத்தியானம் அதே பகுதி மறுபடியும் ஒளிபரப்பாகும், சிரிப்பை வெட்டிவிட்டார்கள் என்று பரணி சொல்லியிருந்தான், நான் அதற்கு முன்னாலேயே டிவியின் பின்பக்கத்து வயரைப் பிடுங்கிவிட்டு, ரிப்பேர் அத்தை என்றேன்.

அவருக்கு அப்படி முடிந்தது, எனக்கு முடியவில்லை, இப்போதெல்லாம் எழுத உட்கார்ந்தால் பின்வாசலில்தான் போய் நிற்கிறேன், காலை பத்து மணி வெயில், நீல உடுப்புக்காரர் கேட்கும் முன்பே திறங்க என்கிறேன், ஜிப் பாதியில் சிக்கி நிற்கிறது, நானே பிடித்து இழுக்கிறேன், மல்லிகை வாசனை வருகிறது, சிவந்த உதடு, மூக்கில் பஞ்சு, அஸ்வதிதான் படுத்திருக்கிறாள், திலகா எங்கே என்று யாரிடம் கேட்பது, அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கல்யாணப் படத்தில் இருக்கிற முகம்கூட வரமாட்டேன் என்கிறது, நெற்றி முடியை ஒதுக்கிவிடுகிறேன், நான் வந்துட்டேன் என்கிறேன், கண்ணைத் திறந்து சிரிக்கிறாள், கட் சொல்வார்கள், எழுந்திருப்பாள் என்று காத்து நிற்கிறேன், யாரும் சொல்வதில்லை, இவங்கதானா சார் என்கிறார் அவர், ஆமா என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.