ஆரை நரம்பும் ஒரு கும்பிடும்

1

இந்தக் கதை எங்கள் நூடுல்ஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் பிறந்தது. பெரிய இடத்துப் பிறப்பு என்று சொல்ல ஆசைதான்.

முதல் தொடக்கம்: பாங்காக்கின் மதிய வெயிலில் மெல்லிய தென்றல்… (அடித்துவிட்டேன். இங்கே ஏது தென்றல்?)

இரண்டாவது: மருத்துவ மாணவன் தீரபட் மேல்கை நரம்புகளை மனப்பாடம் செய்தபடியே, வலது கையை நாற்காலி முதுகின் மேல் போட்டுத் தூங்கிப்போனான். எழுந்தபோது மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டுபோல் தொங்கியது.

"என்னடா, கை செத்துப்போச்சா?" என்றாள் தோழி சிரிபோன்.

"மரத்துப்போச்சு. வாய்மொழித் தேர்வுக்கு வாய் போதும்டி."

"கும்பிடுறதுக்கு? உங்க தாத்தாவா வருவாரு?"

2

அவள் பயம் நியாயம்தான். மருத்துவக் கல்லூரியில் அறுத்துப் படிக்கும் பிணத்துக்கு எங்கள் நாட்டில் பெயர், பெரிய ஆசிரியர். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அவரைக் கைகூப்ப வேண்டும். பேராசிரியை வன்னா (எங்கள் பேச்சில் ஆசிரியர் என்றால் அஜான், அதனால் அஜான் வன்னா) இதில் கறார். ஒழுங்காகக் கும்பிடாதவன் அதே வருடத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான்.

(ஒரு சந்தேகம்: இவ்வளவு படித்தவன் தன் கையைப் பார்த்துப் புரிந்துகொள்ளமாட்டானா? மாட்டான். புத்தகத்தில் இருக்கும் கை வேறு, தோளில் தொங்கும் கை வேறு என்று நம்புகிறவர்களுக்குத்தான் நான் தினமும் சூப் ஊற்றுகிறேன்.)

3

தேர்வின் தொடக்கத்தில் கும்பிடும்போது எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் தப்பினான். அஜான் பெரிய ஆசிரியரின் கையிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டார்.

"மேல்கை முன்பக்கத் தசைகளுக்கு எந்த நரம்பு?"

"தசைத்தோல் நரம்புங்க, அஜான்."

"பின்பக்கம்?"

"ஆரை நரம்புங்க. முத்தலைத் தசைக்குக் கிளை குடுத்துட்டு, எலும்பை ஒட்டிச் சுத்தி இறங்கும்."

"அங்க நசுங்கினா?"

"மணிக்கட்டு தொங்கிடும். நிமித்தவே முடியாது," என்றான், தொங்கிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

"பலே! கண்ணால பாத்த மாதிரியே சொல்றியேப்பா!"

(நான் அங்கே இல்லை. சிரிபோன் சொன்னது. கடைசி வரி என் சேர்க்கை. எடுக்க மனம் வரவில்லை.)

4

முடிவு ஒன்று: அஜான் பதறி அவனைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார். (அழகு. ஆனால் எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.)

முடிவு இரண்டு: பெரிய ஆசிரியர் எழுந்து, "என்னைப் பாத்தது போதும்மா, இவனைப் பாரு" என்கிறார். (அவர் ஒருவருக்குத்தான் அந்த அக்கறை இருந்திருக்கும்.)

முடிவு மூன்று: தேர்வு முடிந்து தீரபட் கைகூப்பினான். இடது கை நிமிர்ந்து நின்றது. வலது கை அதன்மேல் சரிந்து தலைகவிழ்ந்தது. அஜான் அன்று முதல்முறையாக உயிருள்ள ஒரு கையைப் பார்த்தார்.

"தீரபட், உன் கை…"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். அதை வைத்து ஒரு நரம்பையும் காப்பாற்றலாம், ஒரு வருடத்தையும் பிடுங்கலாம். நீங்களே முடியுங்கள். பேராசிரியர்களை உங்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள்.