ஒன்று போய் ஆறு வந்தது

...ஆறு, ஏன் ஆறு, ஒன்று என்றல்லவா இருக்க வேண்டும், கருவிகளைத் தட்டிப் பார்க்கும் ஐசிஎம்பி என்ற வலை நெறிமுறைக்கு எண் ஒன்று, டிசிபிக்கு ஆறு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஜோர்னிட்சா சொல்வாள், திரையில் இரண்டுக்கும் ஆறு என்றே நிற்கிறதே... மரீட்சா ஆற்றங்கரை நெடுக நீர்மட்டக் கருவிகள் கல்லுக்குண்டாட்டம் இருக்கின்றன, உயிரோடு இருக்கிறாயா என்று அவற்றைத் தட்டிக் கேட்கும் நிரல்தான் மூன்று நாளாக எல்லாம் செத்துவிட்டன என்று சாதிக்கிறது, கூட வேலை செய்யும் யாவோர் போன வாரம் அதில் கை வைத்ததால்தான் என்று மேலாளர் ரதோஸ்டினிடம் அடித்துச் சொன்னது யார், அவள்தான், பன்னிரண்டு மணிக்கு அவனுக்கு வேலை போகிறது, இப்போது பதினொன்றே கால், காலையில் பானிட்சா பலகாரம் தின்ற எண்ணெய் விரலைக்கூடத் துடைக்கவில்லை... பொறு. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் அந்த சி நூலகச் செயல்கூறு, கெட்புரோட்டோபைநேம், எங்கே தருகிறது? தன்னிடமுள்ள ஒரே இடத்தில் பதிலைப் போட்டுவிட்டு அங்கே பார் என்று கைகாட்டுகிறது, அவ்வளவுதான். ஐசிஎம்பியைக் கேட்டாள், பதிலை எடுக்காமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டாள், அடுத்து டிசிபியைக் கேட்டாள், அதே இடம், ஒன்று போய் ஆறு வந்து உட்கார்ந்துகொண்டது, ஆறென்று தட்டினால் எந்தக் கருவி பதில் சொல்லும்? கையேட்டில் எழுதித்தானே இருக்கிறது, அடிப் பாவி! இரண்டாவது கேள்வியைச் சேர்த்தது யாவோர் இல்லை, போன வியாழக்கிழமை, அவளே, திங்களன்று ஓடவிட்டதும் அவளே.

அப்பாடா... தப்பு தன்னுடையது என்று தெரிந்து ஒருத்திக்கு நெஞ்சு இப்படி லேசாகுமா? முதல் எண்ணை உடனே எடுத்து வைக்க ஒரு வரி, ஓட்டினாள், கருவிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின, ரதோஸ்டினின் அறைக்கு ஓடினாள், "யாவோர் மேல தப்பில்ல, நான்தான்," என்றாள், "மூணு நாளா அவன்தான்னு சத்தியம் பண்ணினியேம்மா," "பண்ணினேன், என் புத்திய செருப்பால அடிக்கணும்," அவர் சரியென்று தலையை இடமும் வலமும் ஆட்டினார், போதும், அது போதும்.

யாவோர் தன் கள்ளிச்செடியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். எடுத்து வெளியே வைடா, நீ எங்கேயும் போகவில்லை என்றபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ரெண்டாவதா கேட்டதும் முதல் பதில் அழிஞ்சு போச்சு, அதானே?" என்றான் அவன். "உனக்குத் தெரியுமா?" "திங்கக்கிழமையே." "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?" அவன் செடியை ஜன்னலோரம் வைத்தான்... திங்கட்கிழமை, ஆமாம், காபியோடு வந்து மேசையருகே நின்றானே, "ஜோரி, ஒரு நிமிஷம்," என்றானே, திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் வேலையைப் பார் என்று கையை ஆட்டியது அவள்தானே... அதற்கு முன்பும் எத்தனை முறை வந்து நின்றிருப்பான்?